நிரலைப் பராமரிப்பவர்கள் சொல்வதைக் கேளுங்கள்

2024 பிப்ரவரியில் துபாயில் நடந்த உலக அரசுகள் உச்சி மாநாட்டில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் பேசியது பலருக்கும் நினைவிருக்கும். பிள்ளைகள் கட்டாயம் கோடிங் கற்க வேண்டும் என்று இத்தனை வருடமாக எல்லோரும் சொல்லி வந்தார்கள், உண்மையில் அதற்கு நேர் எதிரானதுதான் சரி, யாருமே புரோகிராம் எழுத வேண்டியிராத தொழில்நுட்பத்தை உருவாக்குவதுதான் எங்கள் வேலை என்ற பொருளில் பேசினார். அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வந்தது. இன்றும் பொறியியல் கலந்தாய்வு நெருங்கினால் போதும், உறவுக்காரர்கள் போன் செய்து, "பொண்ண கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேக்கலாமா, இல்ல அதெல்லாம் முடிஞ்சு போச்சா?" என்று கேட்கிறார்கள்.

ஹுவாங் மீது எனக்கு மரியாதை உண்டு. என்விடியா சிப்பில் எந்தக் கணக்கையும் போட வழிசெய்த கூடா (CUDA) என்ற மென்பொருள் தளம் 2006இல் அறிமுகமானபோது, வீடியோ கேமுக்கான சிப்பில் பொதுக் கணக்கீடு எதற்கு என்று முதலீட்டாளர்கள் முகம் சுளித்தும் அவர் விடவில்லை. இன்றைய ஏஐ அந்தப் பிடிவாதத்தின் மேல்தான் நிற்கிறது. ஆனால் அவர் சிப் விற்கிறார். ஏஐ எல்லா நிரலையும் எழுதிவிடும் என்று உலகம் நம்ப நம்ப அவருடைய சிப் அதிகம் விற்கும். இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை, அது வியாபாரியின் பேச்சு. அதை நாம் நம் பிள்ளைகளுக்கான கல்வி ஆலோசனையாக எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மென்பொருள் பற்றி யார் பேச்சுக்கு எடை கொடுப்பது என்பதில் நான் ஒன்றைத்தான் பார்க்கிறேன். இன்று ஏற்றுக்கொள்ளும் நிரலைப் பத்து வருடம் கழித்தும் அவரே திறந்து சரிசெய்ய வேண்டியிருக்கிறதா? ஆம் என்றால் உட்கார்ந்து கேட்பேன். இல்லை என்றால் செய்தியாகப் படித்துவிட்டுப் போவேன்.

ஏனென்றால் கணிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. 2025 ஜனவரியில் மார்க் ஸுக்கர்பெர்க், நடுத்தர அனுபவமுள்ள பொறியாளர் அளவுக்கு நிரல் எழுதும் ஏஐ அந்த ஆண்டே வந்துவிடும் என்றார். மார்ச்சில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்தின் தலைவர் டாரியோ அமோடே, மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் 90 சதவீத நிரலை ஏஐ எழுதும் நிலை வரலாம் என்றார். சரி, 90 சதவீதம் என்றால் எதில் 90 சதவீதம்? வரிகளில். வரிக்கணக்கு வைத்து மென்பொருளை அளக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பழைய பாடம். 1982இல் ஆப்பிளில் லிசா கணினிக்காக வேலை செய்துகொண்டிருந்தார் பில் அட்கின்சன். வாரா வாரம் எத்தனை வரி எழுதினீர்கள் என்று படிவத்தில் நிரப்பித் தரச் சொன்னார்கள் மேனேஜர்கள். அவர் அந்த வாரம் திரையில் படம் வரையும் குயிக்டிரா நிரலின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி, வேகத்தைப் பல மடங்கு கூட்டி, சுமார் 2,000 வரிகளைக் குறைத்திருந்தார். படிவத்தில் மைனஸ் 2,000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் அந்தப் படிவம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். நாற்பது வருடம் கழித்து அதே வரிக்கணக்கை உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள் வெற்றிச் செய்தியாக அறிவிப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று, இந்த அறிவிப்புகளின் பின்பாதி எப்போதும் காணாமல் போய்விடுகிறது. 2024 அக்டோபரில் நம்ம சுந்தர் பிச்சை, கூகுளில் புதிதாக வரும் நிரலில் கால் பங்குக்கு மேல் ஏஐ உருவாக்கியது என்றார். அதே வாக்கியத்திலேயே, பொறியாளர்கள் அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்கிறார்கள் என்றும் சொன்னார். தலைப்புச் செய்தியில் முன்பாதி மட்டும் வந்தது. 2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கர்பதி 'வைப் கோடிங்' என்ற பெயரை வைத்தாரே, அந்தப் பதிவும் அப்படித்தான். நிரலைப் படிக்காமலேயே ஏஐ தருவதை அப்படியே ஏற்றுக்கொண்டு போவதைப் பற்றிச் சொன்னவர், வார இறுதியில் செய்து தூக்கிப் போடும் விளையாட்டு வேலைகளுக்கு இது மோசமில்லை என்றும் எழுதியிருந்தார். அந்த 'வார இறுதி' என்ற நிபந்தனை கழன்று விழுந்துவிட்டது. இப்போது வங்கி மென்பொருளுக்கும் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

நான் ஏஐ கருவிகளுக்கு எதிரி இல்லை. தினமும் பயன்படுத்துகிறேன். யாரோ எழுதி, எழுதியவர் வேலையை விட்டுப் போய், ஆவணம் எதுவும் இல்லாத பழைய ஜாவா நிரலைக் கொடுத்து "இது எங்கிருந்து எங்கே போகிறது" என்று கேட்டால், அரை நாள் வேலை அரை மணியில் முடிகிறது. நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டுக்கான அடிப்படை அமைப்பு, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்குத் தரவை மாற்றும் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட், மறந்துபோன ஷெல் கட்டளை, இதற்கெல்லாம் பழைய முறைக்குத் திரும்ப எனக்கு மனமில்லை.

எங்கே பயப்படுகிறேன் என்றால், ஏஐயிடம் வாங்கி, அனுப்புகிறவரே படிக்காத ஆயிரம் வரி புல் ரிக்வெஸ்ட் (நிரலில் இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) ரிவ்யூவுக்கு வரும்போது. டெஸ்ட் தோற்றால் ஏஐ நிரலைச் சரிசெய்யாமல் டெஸ்ட்டையே மாற்றி வைத்திருக்கும். பிழை வந்தால் அதைப் பிடித்து, சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, எல்லாம் நன்றாக நடந்தது என்று பதில் அனுப்பும். பணம் அனுப்பும் இடத்தில் நெட்வொர்க் தடுமாறினால் மூன்று முறை முயற்சி செய்யும்படி எழுதியிருக்கும், ஆனால் முதல் முயற்சியிலேயே பணம் போயிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்காது. பார்க்க எல்லாம் அழகாக இருக்கும். பெயர்கள் ஒழுங்கு, கமென்ட்கள் ஒழுங்கு. மனிதர் அவசரத்தில் எழுதிய நிரலில் அவசரம் கண்ணுக்குத் தெரியும், எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். ஏஐ எழுதியதில் அந்த உதவியும் கிடையாது.

இதை உலகத்திலேயே மிகத் தெளிவாக அனுபவித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க். 1998இலிருந்து கர்ல் என்ற மென்பொருளைப் பராமரித்து வருகிறார். இணையத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தரவைக் கொண்டுபோகும் கருவி அது. அதன் பெயரையே கேள்விப்படாதவர்களின் போனிலும் டிவியிலும் காரிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. 2019இலிருந்து, பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு கர்ல் பரிசுப் பணம் கொடுத்து வந்தது. ஏஐ வந்ததும் பணத்துக்காகக் குப்பை குவிய ஆரம்பித்தது. நேர்த்தியான ஆங்கிலம், பதற வைக்கும் தலைப்பு, உள்ளே போய்ப் பார்த்தால் கர்ல் நிரலிலேயே இல்லாத ஃபங்ஷன் பெயர்.

2025 நடுவில் ஸ்டென்பெர்க் கணக்குச் சொன்னார்: வரும் புகார்களில் சுமார் 20 சதவீதம் ஏஐ குப்பை, உண்மையான ஓட்டை என்று உறுதியானது 5 சதவீதம் அளவுக்குத்தான். பார்க்க வேண்டியவர்கள் ஏழே பேர். ஒவ்வொரு புகாருக்கும் மூன்று நான்கு பேர் உட்கார வேண்டும், அரை மணியில் முடியலாம், சில நேரம் மூன்று மணி நேரமும் ஆகலாம். அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை, ஆனால் அரிசியைவிடக் கல் அதிகமாக இருக்கிறது. அலட்சியப்படுத்தவும் முடியாது, அந்த ஐந்து சதவீதத்தில் ஒன்றைத் தவறவிட்டால் உலகம் முழுக்கப் பாதிப்பு. கடைசியில் 2026 ஜனவரி முடிவோடு பரிசுத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்.

இதைப் படித்துவிட்டு அவரை ஏஐ எதிர்ப்பாளர் என்று நினைத்தால் தவறு. 2025 செப்டம்பரில் ஜோஷுவா ராஜர்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், ஏஐ அடிப்படையிலான ஆய்வுக் கருவிகளை வைத்து கர்லில் கண்ட குறைகளை ஒரு பெரிய பட்டியலாக அனுப்பினார். அதிலிருந்து ஐம்பது போலத் திருத்தங்கள் செய்யப்பட்டன. இத்தனை வருடம் எத்தனையோ கருவிகள் தேடியும் கண்ணில் படாத பிழைகள் அவை. ஸ்டென்பெர்க் அதை வெளிப்படையாகவே கொண்டாடினார். முன்பும் ஏஐ, இப்போதும் ஏஐ. விவரம் தெரிந்த ஒருவர் நடுவில் உட்கார்ந்து சலித்து, தன் பெயரை வைத்து அனுப்பியதுதான் வித்தியாசம். எனக்கு இந்த ஒரு மனிதரின் இரண்டு வருட அனுபவம், மேடையில் சொல்லப்பட்ட எல்லாக் கணிப்புகளையும்விடப் பெரிது.

லினஸ் டோர்வால்ட்ஸையும் இதே காரணத்துக்காக நம்புகிறேன். 1991இல் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளத்தை இன்றும் அவர்தான் ஒருங்கிணைக்கிறார். 2005இல் நிரலில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியைத் தொடங்கிச் சில மாதங்களில் ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார், ஹமானோ இன்றுவரை அதைப் பார்த்துக்கொள்கிறார். இதே டோர்வால்ட்ஸ் 2024இல் ஏஐ என்பது 90 சதவீதம் மார்க்கெட்டிங், 10 சதவீதம் உண்மை என்றார். 2026 ஜனவரியில், பொழுதுபோக்காகச் செய்யும் ஆடியோ புராஜெக்ட் ஒன்றில் பைத்தான் பகுதியை வைப் கோடிங்கில் எழுதியதாக அவரே குறிப்பு எழுதினார். சிலர் இதை முரண்பாடு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடைந்தால் யாருக்கும் நஷ்டமில்லாத இடம் எது, உடையவே கூடாத இடம் எது என்று தெரிந்தவர் செய்யும் தேர்வு அது.

அந்தப் பாகுபாடு தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2025 ஜூலையில் நடந்ததே போதும். ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவோர் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜென்ட்டை (சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ) வைத்து ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று சொல்லி வைத்திருந்தும் ஏஜென்ட் அவருடைய டேட்டாபேஸை அழித்துவிட்டது. அழித்ததை மீட்கவும் முடியாது என்று பதில் சொன்னது. மீட்க முடிந்தது. ரெப்ளிட் தலைவர் அம்ஜத் மசாத் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சோதனை டேட்டாபேஸையும் உண்மையான டேட்டாபேஸையும் பிரித்து வைக்கும் ஏற்பாட்டைக் கொண்டு வந்தார். இந்தப் பிரிவு நம் துறையில் ஃப்ரெஷருக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கும் விஷயம்.

வேகம் கூடுகிறதே என்பார்கள். 2025இல் ஏஐயின் திறனை அளந்து பார்க்கும் மெட்ர் (METR) அமைப்பு ஓர் ஆய்வை வெளியிட்டது. யாரும் பார்க்கும்படி திறந்து வைத்த ஓப்பன் சோர்ஸ் நிரல்களில் அனுபவமுள்ள பொறியாளர்கள் 16 பேர், தாங்கள் பல வருடமாகப் பழகிய நிரல்களில் 246 வேலைகள். ஏஐ இருந்தால் 24 சதவீதம் சீக்கிரம் முடியும் என்று தொடங்கும் முன் நினைத்தார்கள். அளந்து பார்த்தால் 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்திருந்தது. முடித்த பிறகும்கூட 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே நம்பினார்கள். சின்ன ஆய்வுதான், 2025 தொடக்கத்தில் இருந்த கருவிகள்தான், இப்போதைய கருவிகள் இன்னும் மேம்பட்டவை. அதனால் ஏஐ வேகத்தைக் குறைக்கிறது என்று இதை வைத்து நான் வாதாட மாட்டேன். ஆனால் வேகமாகப் போவதாக நமக்குத் தோன்றுவதற்கும் கடிகாரத்துக்கும் இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, "எங்க டீம் ரெண்டு மடங்கு வேகம்" என்று சொல்லும் மேனேஜரிடம் எப்படி அளந்தீர்கள் என்று கேட்காமல் விடக் கூடாது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது ஃப்ரெஷர்கள் விஷயம். 2025 ஆகஸ்ட்டில் அமேசானின் கிளவுட் பிரிவான ஏடபிள்யூஎஸ்ஸின் தலைவர் மேட் கார்மன், ஜூனியர் பொறியாளர்களுக்குப் பதில் ஏஐயை வைப்பதுதான் தான் கேட்டதிலேயே படு முட்டாள்தனமான யோசனைகளில் ஒன்று என்றார். பத்து வருடம் கழித்து எதையும் கற்றுக்கொண்டவர் ஒருவரும் இருக்க மாட்டார், அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. அதே அமேசான் அக்டோபரில் சுமார் 14,000 அலுவலகப் பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்ததும் நடந்தது. ஆகவே தலைவர்களின் நல்ல பேச்சையும் அவர்களின் ஆள் எடுப்போடு சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

அந்த வகையில் ஸ்ரீதர் வேம்புவைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய அரசியல், சமூகக் கருத்துகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளையும் எடுத்து, உதவித்தொகை கொடுத்து, ஜோஹோவின் சொந்தப் பள்ளியிலேயே மென்பொருள் கற்றுக்கொடுத்து வேலையும் தரும் வழக்கத்தை அந்த நிறுவனம் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது. ஏஐ காலத்தில் இதுதான் மற்ற நிறுவனங்களும் செய்ய வேண்டியது. ஆள் எடுப்பதை நிறுத்துவது இந்த வருடக் கணக்கை அழகாக்கும், 2035இல் ரிவ்யூ செய்ய ஆள் இருக்க மாட்டார்கள்.

ரிவ்யூ செய்யும் கண் எப்படி வருகிறது என்பதற்கு 2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியாக லாகின் ஆக வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாகிறதே என்று கவனித்தார். ஏன் என்று தோண்டிக்கொண்டே போனார். எக்ஸ்இசட் என்ற சின்ன சுருக்கக் கருவிக்குள் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு (கள்ளத்தனமாக உள்ளே நுழையும் ரகசிய வழி) வைத்திருந்தது தெரிய வந்தது. அது பெருவாரியான லினக்ஸ் சர்வர்களுக்குப் பரவும் முன் தடுக்கப்பட்டது. பல வருடம் வேக அளவீடுகளைப் பார்த்துப் பார்த்துப் பழகியவருக்குத்தான் அந்த அரை நொடி உறுத்தும். ஏஐயைக் கேட்டு நிரலை வாங்கி ஒட்டி மட்டுமே பழகிய ஒருவருக்கு அது உறுத்துமா?

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் 2004இலிருந்து ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் அனுப்புகிறவர் தன் பெயரில் ஒப்பம் வைக்க வேண்டும். ஏஐ உதவியோடு எழுதலாம், ஆனால் அந்த ஒப்பத்தை ஏஐ வைக்கக் கூடாது, மனிதர்தான் வைக்க வேண்டும் என்று இப்போது கர்னல் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எங்கள் டீமிலும் இதையொட்டி ஒரு விதி வைத்திருக்கிறோம். எந்தக் கருவியில் எழுதினீர்கள் என்று கேட்பதில்லை. ரிவ்யூவில் எந்த வரியைச் சுட்டிக்காட்டினாலும் அது ஏன் அங்கே இருக்கிறது என்று அனுப்பியவர் வாயால் சொல்ல வேண்டும். "ஏஐ கொடுத்துச்சு" என்பது பதில் இல்லை. இந்த விதிக்குப் பிறகு புல் ரிக்வெஸ்ட்கள் சிறியதாகிவிட்டன. ஜூனியர்கள் கேள்வி கேட்பது கூடியிருக்கிறது, அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அதனால் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், ஆர்வம் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். சேர்ந்த பிறகு தம்பிகளும் தங்கைகளும் ஒன்று செய்யுங்கள். கர்ல், கிட், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், இவற்றில் எதையாவது எடுத்துக்கொண்டு, நிரலோடு சேர்த்து அதன் மேல் நடக்கும் ரிவ்யூ உரையாடல்களையும் படியுங்கள். ஒரு திருத்தத்தை ஏன் ஏற்றார்கள், ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று அங்கே விலாவாரியாக எழுதியிருக்கும். புரியாத இடத்தை ஏஐயிடம் கேளுங்கள், அது சொன்னது சரியா என்று நிரலுக்குள் போய்ப் பாருங்கள். எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது.