சிலம்பம் யாருக்கும் வரவேற்பு வளைவு இல்லை

ஞாயிற்றுக்கிழமை பைபாஸ் முக்கில் நடந்தது ஊருக்கே தெரியும். வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மண்டபத்து விழாவுக்கு வரும் விருந்தினரை வரவேற்க, உச்சி வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு எங்கள் சிலம்பப் பிள்ளைகள் கம்பு சுற்றிக்கொண்டே நின்றார்கள். அவர் கார் கண்ணாடியைக்கூட இறக்காமல் போய்விட்டார். இது சரியா என்று கேட்டு ஒரு பதிவு எழுதியதற்குத்தான் எனக்குத் திமிர் என்கிறார்கள்.

திரும்பவும் சொல்கிறேன். யாரையும் வரவேற்க நிறுத்துவதற்கு இல்லை சிலம்பம்.

"பிள்ளைகளுக்கு ஒரு மேடை கிடைச்சதேம்மா" என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். எங்கே கிடைத்தது அண்ணா? மேடை, மைக், சால்வை எல்லாம் மண்டபத்துக்குள் இருந்தன. பிள்ளைகள் ரோட்டில் இருந்தார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றதே, அது மேடை. தமிழ்நாடு அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் சேர்ந்தாயிற்று. இத்தனைக்குப் பிறகும் நம் ஊரில் செண்டை மேளத்துக்கும் பூத்தட்டுக்கும் நடுவில்தான் அதற்கு இடம்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் கம்பு சுற்றுவதுதான் சிலம்பம். எங்கள் ஆசான் சேர்ந்த உடனே கம்பைக் கையில் தர மாட்டார். முதலில் காலடி. மண்ணில் கோடு கிழித்து, முன்னே பின்னே, இடம் வலம். கால் ஓரிடத்தில் நட்டுக்கொண்டால் கெண்டைக்காலில் பிரம்பு விழும். அதற்கப்புறம்தான் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த மூங்கில், அவரவர் நெற்றி உயரத்துக்கு. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் உரியும். அதில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் அதே வீச்சு. எதிரே நிற்பவர் கம்பை ஓங்கும்போது பதறாமல் நிற்கப் பழகிய பிள்ளைகள் இவர்கள். எதிரே ஆளே இல்லாத ரோட்டில், எப்போது வரும் என்று தெரியாத காருக்காக இவர்களைச் சுற்ற விட்டீர்கள்.

"ஆசானே சம்மதிச்சாரே, உனக்கென்ன?" இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. சின்ன ஊரில் சம்மதம் என்பது எப்படி வாங்கப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியாதா? நாங்கள் பழகுகிற களம் யாருடையது? அந்த ஒற்றை லைட்டுக்குக் கரண்ட் யார் வீட்டிலிருந்து வருகிறது? கேட்டவர்களே இடத்துக்காரர்கள். முடியாது என்று சொல்லிவிட்டு மறுநாள் சாயங்காலம் அவர் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவார்?

"எல்லாத்தையும் அரசியலாக்காதே" என்பவர்களுக்குப் பதில் கிடையாது.

முன்வரிசையில் நிறுத்தியது பூராவும் பெண்பிள்ளைகளை. போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம். நான் வயசுக்கு வந்த புதிதில் "இனிமே அவளுக்குக் கம்பு எதுக்குய்யா?" என்று என் அப்பாவிடம் சொன்னவர்களும் இதே பெரியவர்கள்தான். என் கம்பு பரணுக்குப் போனது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, இந்த ஊருக்கே திரும்பி வந்த பிறகுதான் அதை இறக்கினேன். இன்றைக்கும் நான் கம்போடு நடந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கைதட்டியவர்களே, அந்தப் பெண்களில் யாரை அடுத்த வருஷமும் களத்துக்கு விடுவீர்கள்? போன தடவை வெளியூர்ப் போட்டிக்குப் போக வேன் வாடகை கேட்டு ஆசான் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒருவர் கையிலும் காசில்லை. வரவேற்பு என்றதும், முதுகில் பெயர் அச்சடித்த டீஷர்ட் ஒரே நாளில் வந்து இறங்குகிறது. எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

காலையில் சித்தப்பா போன் செய்தார். "ஏம்மா, நாம இந்த ஊர்லதானே இருந்தாகணும், அதை எடுத்துரும்மா." ஆமாம் சித்தப்பா, இங்கேதான் இருக்கப் போகிறேன். அதனால்தான் எழுதினேன். எடுக்க மாட்டேன்.

அடுத்த மாதம் மாவட்டப் போட்டி இருக்கிறது. வேன் ஏற்பாடு செய்ய முடிந்தவர்கள் ஆசானை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். டீஷர்ட் வேண்டாம்.