"மாத்திரை போட்டியா?"

போன வாரம் வீட்டில் ஒரு சண்டை. என் பையன் அவன் மாமாவின், அதாவது என் தம்பியின், சார்ஜரை எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ தொலைத்துவிட்டான். யாருக்கும் கோபம் வரும். தம்பிக்கும் வந்தது. அவன் குரல் கொஞ்சம் ஏறியதுமே அடுப்படியிலிருந்து அம்மா கேட்டுவிட்டாள்: "இன்னைக்கு மாத்திரை போட்டியாடா?"

தம்பி அதற்குமேல் பேசவில்லை. மாடிக்குப் போய்விட்டான்.

அவனுக்கு மனச்சிதைவு நோய் வந்து எட்டு வருஷம். கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போது பைண்டிங் கடையில் வேலை, சனிக்கிழமைதோறும் சம்பளம். ஆனாலும் அவன் சத்தமாகச் சிரித்தால் சந்தேகம், பேசாமல் இருந்தால் பயம். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அந்த ராத்திரிகளை முழுசாகப் பார்த்தவள் அவள்தான். உறவுக்காரர்களைத்தான் சொல்வேன். அவர்கள் தரும் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் இருக்கும், அவன் பெயர் இருக்காது.

வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிற நாங்கள் எட்டுக் குடும்பம், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு டெய்லர் கடை மாடியில் கூடுகிறோம். அழுவதற்கென்று ஆரம்பித்ததுதான், ஒளிப்பானேன். இப்போது பேச்செல்லாம் மாத்திரை, சர்டிபிகேட், இன்சூரன்ஸ். பதினைந்து நாளைக்குத்தான் மாத்திரை தருவோம் என்றார்கள் ஓர் இடத்தில். கூலிக்குப் போகிறவருக்கு மாதம் இரண்டு நாள் சம்பளம் போச்சு. எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம், இப்போது ஒரு மாதத்துக்குச் சேர்த்துத் தருகிறார்கள். தனியாகப் போய்க் கேட்டபோது "அடுத்து யாரும்மா?" என்றுதான் பதில் வந்தது.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் உண்டு. 40 சதவீதம் பாதிப்பு என்று சான்று இருந்தால் சலுகைகளைக் கேட்கலாம். சான்று வாங்கும் வரிசையில் தம்பியைப் பார்த்து ஒருவர் சொன்னார், "ஆளு நல்லாத்தானே இருக்காரு?" வேலை கேட்டுப் போனால் ஆள் சரியில்லை என்பார்கள், இங்கே வந்தால் நல்லா இருக்கிறான் என்பார்கள். எதையாவது ஒன்றைச் சொல்லுங்கள் சாமி.

சென்னையில் 1993ல் தொடங்கிய பான்யன் என்ற மனநல அமைப்பு, வருஷக்கணக்கில் காப்பகத்தில் இருந்த பெண்களைச் சாதாரணத் தெருவில் வாடகை வீடு பிடித்து நாலைந்து பேராகக் குடிவைக்கிறது. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்கவும், தண்ணி லாரி வரவில்லை என்று கத்தவும் அவர்களுக்கு ஒரு தெரு கிடைக்கிறது. அந்தக் கத்தலைத்தான் நான் தம்பிக்கும் கேட்கிறேன்.

ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடிகாலைத் தீயில், சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர். 2017 மனநலச் சட்டத்தின் 95ஆம் பிரிவு சங்கிலியைத் தடை செய்கிறது. அதே சட்டத்தில் 5ஆம் பிரிவை நிறையப் பேருக்குத் தெரியாது. மறுபடி முடியாமல் போனால் எனக்கு எப்படி வைத்தியம் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்கக் கூடாது என்பதை, தெளிவாக இருக்கும்போதே அவரவர் எழுதிவைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் அதற்கு உட்கார்ந்தோம். கோடு போட்ட நோட்டில் அவனே எழுதினான். கையைக் கட்டிக் கூட்டிப்போகக் கூடாது. அக்கா கூட வர வேண்டும். போன தடவை வாயைக் கோணவைத்த அந்த ஊசி வேண்டாம். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு நாலாவதாக ஒன்று எழுதினான்: "பைண்டிங் கடையில் சொல்லிவிடவும். திரும்பி வருவேன், வேறு ஆள் போட வேண்டாம்."