தவில் ஏறாத ஆம்ப்ளிஃபயர்

(ஈரோட்டில் ஒரு வீட்டு வாசல். ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய ஆல்டோவின் டிக்கிக்குள் பாதி உடம்பை விட்டபடி மாப்பிள்ளை. மாமா, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா குத்தும் இடத்தில் இவருக்கு டெஸ்டர்.)

மாமா: மாப்பிள்ளை, கொஞ்சம் வெளியே வாங்க. ஒரு நியாயம் கேட்க வேண்டும்.

மாப்பிள்ளை: (டிக்கி மூடியில் தலையை இடித்துக்கொண்டு) சொல்லுங்க மாமா.

மாமா: நீங்க எஃப்.எம். வைத்தால் தெருமுனை டீக்கடையில் கிளாஸ் ஆடுகிறது. நான் என் பென்டிரைவைச் சொருகினால் தவில் கச்சேரி தீப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி கேட்கிறது. தவிலின் வலந்தலைப் பக்கம் மட்டும் டக்டக் என்று வருகிறது, கும்மென்று ஒலிக்கிற தொப்பிப் பக்கம் அடிக்கிற ஆளையே காணோம்.

மாப்பிள்ளை: அதைத்தான் நானும் மூன்று நாளாகத் தேடுகிறேனுங்க. பென்டிரைவுக்கு மாற்றியதும் ஆம்ப், அதாங்க ஆம்ப்ளிஃபயர், அணைந்துவிடுகிறது. கதவு ஸ்பீக்கர்கள் கார் ஸ்டீரியோ செட்டிலேயே நேராக ஓடுகின்றன. கும்மென்ற சத்தத்தைக் கொடுக்கிற பெரிய ஸ்பீக்கர், சப் ஊஃபர்தான் ஆம்பில் இருக்கிறது, அது படுத்துக்கொள்கிறது. திரும்ப எஃப்.எம். போட்டால் எழுந்துவிடுகிறது.

மாமா: கல்யாணத்தில் நான் நாதஸ்வரம் என்றேன், நீங்க பேண்டு செட் என்றீர்கள். நீங்க மாட்டிய ஆம்ப் வேறு எப்படி இருக்கும்? சரி, தள்ளுங்க, நான் பார்க்கிறேன்.

(பானெட்டைத் திறந்து டெஸ்டரை பேட்டரியின் பிளஸ் முனையில் வைக்கிறார். எரியவில்லை. மைனஸில் வைக்கிறார். எரியவில்லை. டெஸ்டரைத் தன் வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார்.)

மாமா: பேட்டரி போயிடுச்சு மாப்பிள்ளை.

(மாப்பிள்ளை சாவியைத் திருப்புகிறார். கார் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது.)

மாமா: கடைசி மூச்சு.

மாப்பிள்ளை: (இன்ஜினை அணைத்துவிட்டு) இல்லைங்க மாமா. உங்க டெஸ்டருக்குள் இருப்பது நியான் விளக்கு. அது எரிய 60, 70 வோல்ட்டாவது வேண்டும். இது வெறும் 12.

மாமா: பன்னிரண்டா! 11,000 வோல்ட் லைன் பார்த்தவன் நான். இது பொம்மைக் கரண்ட். அந்த ஸ்பேனரை இப்படிக் கொடுங்க.

மாப்பிள்ளை: மாமா, மோதிரம்! மோதிரத்தைக் கழற்றுங்க முதலில்!

மாமா: உங்க அத்தை போட்ட மோதிரம், முப்பது வருஷமாகக் கழற்றியதில்லை.

மாப்பிள்ளை: ஷாக் அடிக்காதுங்க. ஆனால் மோதிரம் ஒரு பக்கம் பிளஸிலும் இன்னொரு பக்கம் பாடியிலும் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியாகப் பாயும். விரலிலேயே பழுத்துவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போதே இந்தச் சின்ன பேட்டரி நூறு ஆம்பியருக்கு மேல் தள்ளுகிறது.

(மாமா மோதிரத்தைப் பார்க்கிறார். பேட்டரியைப் பார்க்கிறார். சோப்புத் தண்ணீர் கேட்டு வீட்டுக்குள் குரல் கொடுக்கிறார்.)

மாப்பிள்ளை: வேலைக்கு முன்னால் மைனஸைக் கழற்றிவிடுவோம்.

மாமா: எர்த்தை முதலில் எடுப்பதா? எங்க வேலையில் எர்த் கடைசியில்தான் வெளியே வரும். முதலில் எடுத்தவன் சாயங்காலம் வீட்டுக்குப் போகமாட்டான்.

மாப்பிள்ளை: இங்கே தலைகீழுங்க. கார் பாடி முழுக்க மைனஸ். பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் எங்கே இடித்தாலும் ஷார்ட். மைனஸ் போய்விட்டால் இடித்தாலும் பயமில்லை.

மாமா: பாடிதான் எர்த்தா? நாலு ரப்பர் டயர் மேல் நிற்கிறது, அது எந்தப் பூமிக்குப் போகிறது? குழி எங்கே? கரி எங்கே? உப்பு எங்கே?

மாப்பிள்ளை: பூமிக்கே போக வேண்டாமுங்க. பேட்டரி மைனஸுக்குத் திரும்பி வந்தால் போதும்.

மாமா: அப்போ அது நியூட்ரல்! நியூட்ரலுக்கு எர்த் என்று பேர் வைத்தவன் யாரு மாப்பிள்ளை? (பெருவிரலுக்குப் பக்கத்தில் வைத்து ஒயரின் தடிமனை அளக்கிறார்) ஒரு பாட்டுப் பெட்டிக்கு இவ்வளவு தடிமனா? என்ன லோடு?

மாப்பிள்ளை: அட்டைப்பெட்டியில் 1000 வாட் என்று போட்டிருக்கிறது.

மாமா: ஆம்பில் சொருகியிருக்கும் ஃபியூஸ்?

மாப்பிள்ளை: 25 ஆம்பியர். ஒன்றுதான்.

மாமா: வண்டி ஓடும்போது எத்தனை வோல்ட்?

மாப்பிள்ளை: பதினாலு இருக்கும்.

மாமா: (விரல் மடக்குகிறார்) இருபத்தைந்து பதினாலு முந்நூற்றைம்பது. உள்ளே போவதே 350 வாட். மீதி 650 எங்கே மாப்பிள்ளை?

மாப்பிள்ளை: ஸ்டிக்கரில் இருக்குதுங்க.

மாமா: இதே 350 வாட் வீட்டுக் கரண்டில் ஒன்றரை ஆம்பியர்தான் இழுக்கும். இங்கே இருபத்தைந்து. (ஒயரை இப்போது கொஞ்சம் மரியாதையாகக் கீழே வைக்கிறார்) பொம்மைக்குப் பசி ஜாஸ்தி. சரி, பேட்டரியிலிருந்து புறப்படுகிற இந்த சிவப்பு ஒயருக்கு ஃபியூஸ் எங்கே?

மாப்பிள்ளை: டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில். மாற்றுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று...

மாமா: நடுவில் ஒயர் எங்காவது தகரத்தில் தேய்ந்து பாடியில் பட்டால்?

மாப்பிள்ளை: ஃபியூஸ் போயிடும்.

மாமா: எப்படிப் போகும்? கரண்ட் அதுவரைக்கும் வந்தால்தானே? பாதி வழியில் இறங்கிவிட்டதே! கார் போகும், ஃபியூஸ் பத்திரமாக இருக்கும். எடுத்து அப்படியே பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கலாம்.

(மாப்பிள்ளையிடமிருந்து பதில் இல்லை. அரை மணி நேரத்தில் ஃபியூஸ் ஹோல்டர் பானெட்டுக்குள் இடம் மாறுகிறது, பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள். முழத்தை மாமாவே கைவைத்து அளந்தார். பிறகு மைனஸை மாட்டி, எஃப்.எம். போட்டு, இருவரும் டிக்கிக்குப் போகிறார்கள். இந்த முறை மல்டிமீட்டர்.)

மாப்பிள்ளை: ஆம்பின் கிரவுண்டில் ஒரு முனை. இந்த நீள ஒயர் வழியாக பேட்டரி மைனஸில் இன்னொரு முனை. சும்மா இருக்கும்போது கிட்டத்தட்ட சைபர். ஆனால் பாட்டில் டம் என்று அடி விழும்போதெல்லாம் ஒன்றரை வோல்ட் காட்டுகிறது பாருங்க.

மாமா: திரும்பி வருகிற வழியில் ஒன்றரை வோல்ட் தின்கிறது என்றால் எங்கேயோ வாய் இருக்கிறது. நகருங்க. (குனிகிறார்) ஓ! ஒயர் நுனி வளையத்தை, இந்த லக்கை, பெயின்ட் மேல் வைத்து ஸ்க்ரூ அடித்திருக்கிறீர்கள். பெயின்ட் என்ன கம்பியா?

மாப்பிள்ளை: புது பெயின்ட்டுங்க. சுரண்ட மனசு வரவில்லை.

மாமா: மனசு வராதவன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போக வேண்டும். உப்புத்தாள் கொடுங்க.

(மாமா பேச்சை நிறுத்திவிட்டுத் தேய்க்கிறார். வெள்ளை போய், அடியில் சாம்பல் நிற பிரைமர் போய், ஒரு ரூபாய் அகலத்துக்குத் தகரம் பளிச்சென்று தெரிகிறது. அதை விரலால் தடவிப் பார்த்து, லக்கையும் இரண்டு இழுப்பு தேய்த்து, இறுக்கி, துரு ஏறாதிருக்க மேலே வாசலின் தடவுகிறார். இந்த இரண்டு நிமிஷம் மட்டும் அவர் ஓய்வு பெற்றவர் மாதிரித் தெரியவில்லை.)

மாப்பிள்ளை: மீட்டரில் இப்போது புள்ளி பூஜ்ஜியம் ஐந்து!

மாமா: போடுங்க என் பென்டிரைவை.

(டக்டக். தீப்பெட்டி.)

மாமா: மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: ஆம்ப் அணைந்துவிட்டது மாமா. ஆனால் பிளஸில் கரண்ட் இருக்கிறது, கிரவுண்டும் சரி. மிச்சம் ரிமோட் ஒயர். செட் ஆன் ஆனதும் ஆம்பை எழுப்புவது அதுதான். (மீட்டரை வைக்கிறார்) எஃப்.எம்.மில் 12... பென்டிரைவில் சைபர்!

மாமா: செட்டின் பின்னால் அது எந்த ஒயரில் மாட்டியிருக்கிறது?

மாப்பிள்ளை: நீலத்தில். செட்டோடு வந்த காகிதத்திலேயே நீலம் என்று போட்டிருந்தது.

மாமா: அந்தக் காகிதம் எங்கே?

(க்ளவ் பாக்ஸிலிருந்து காகிதம் வருகிறது. அதில் இட்லிச் சட்னிக் கறை. மாமா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, கறையை நகத்தால் சுரண்டுகிறார்.)

மாமா: "நீலம், பவர் ஆன்டெனா." கீழே, சட்னிக்கு அடியில்: "வெள்ளைக் கோடு போட்ட நீலம், ஆம்ப்ளிஃபயர்." ஆன்டெனா என்றால்?

மாப்பிள்ளை: (மெதுவாக) சில கார்களில் ரேடியோ போட்டால் மோட்டார் ஓடி ஆன்டெனா மேலே வரும். அந்த மோட்டாருக்கான ஒயருங்க. பென்டிரைவுக்கு ஆன்டெனா தேவையில்லை, அதனால் செட் அதை அணைத்துவிடுகிறது.

மாமா: அதாவது மூன்று நாளாக இந்த செட் உங்க ஆம்பை ஆன்டெனா என்று நினைத்து ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது. வெள்ளைக் கோடு போட்டவனை என்ன செய்தீர்கள்?

மாப்பிள்ளை: இன்சுலேஷன் டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டேன். வெள்ளையை அழுக்கு என்று நினைத்துவிட்டேனுங்க.

மாமா: நீலத்தின் மேல் வெள்ளையாக அழுக்கு!

(ஒயர் மாறுகிறது. பென்டிரைவ். முதலில் நாதஸ்வரம். பிறகு தொப்பிப் பக்கம் ஒரு அடி விழ, சீட் அதிர்கிறது. மாமா கண்ணை மூடித் தொடையில் தாளம் போடுகிறார். சட்டென்று கண்ணைத் திறக்கிறார்.)

மாமா: பின்னால் ஏதோ கிலுகிலு என்கிறதே?

மாப்பிள்ளை: நம்பர் பிளேட்டுங்க மாமா. சப் அடிக்கும்போது ஆடுகிறது. ரப்பர் வாஷர் போட்டு இறுக்கிவிடுகிறேன்.

மாமா: விடுங்க, விடுங்க. தாளம் தப்பாமல்தான் வருகிறது. ஜால்ராவுக்கு ஆள் வைத்ததாக இருக்கட்டும்.