வாரம் ஒருமுறை வரும் சிறப்பாசிரியரும் பீரோவில் தூங்கும் படப் பலகையும்

அரசுப் பள்ளிகளில் பேச்சு வராத, அல்லது பேசினாலும் மற்றவர்களுக்குப் புரியாத பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் உதவியைப் பற்றிய பதிவு இது. சிறப்புப் பயிற்றுநர், ஸ்பீச் தெரபிஸ்ட், வகுப்பாசிரியர், பெற்றோர் எல்லாருக்கும் சேர்த்து எழுதுவதால் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

வழக்கமாக நடப்பது இதுதான். சுற்று வட்டாரப் பள்ளிகளுக்குப் பொதுவான வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒருமுறை சிறப்புப் பயிற்றுநர் வருவார். பிள்ளையை வகுப்பிலிருந்து எழுப்பி வராந்தாவில் உட்கார வைத்து, பழம், காய், விலங்கு அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி "இது என்ன?" என்று கேட்பார். அரை மணி நேரம் ஆகும். போட்டோ ஒன்று எடுப்பார், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார், அடுத்த பள்ளிக்கு வண்டியை எடுப்பார். பிள்ளை வகுப்புக்குத் திரும்பி கடைசி வரிசையில் சுவரோரமாக உட்காரும். வாரத்தில் ஏறக்குறைய முப்பது மணி நேரம் பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு அரை மணி நேரம் என்பது அறுபதில் ஒரு பங்கு. மிச்ச ஐம்பத்தொன்பது பங்கில் அதனிடம் பேசவும் அது பேசவும் யாரிடமும் வழி கிடையாது.

அந்த அரை மணி நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், பிள்ளையைச் சுற்றி இருக்கும் பெரியவர்களுக்குக் கொடுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கேட்க முரணாக இருக்கும். ஆனால் பேச்சு என்பது எதிரில் ஆள் இருந்தால் நடப்பது. அந்த ஆளைத் தயார் செய்யாமல் பிள்ளையை மட்டும் தயார் செய்து என்ன பயன்?

பயிற்றுநர்களைத் திட்டுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தொகுப்பூதியத்தில், நிரந்தரமில்லாத வேலையில், தலைக்கு இத்தனை பள்ளி என்று ஓடுபவர்கள் அவர்கள். 2024-25-ல் தமிழ்நாட்டுக்கான சமக்ர சிக்ஷா நிதியை, அதாவது அவர்கள் சம்பளம் வரும் பள்ளிக் கல்வித் திட்ட நிதியை, மத்திய அரசு நிறுத்தி வைத்தபோது அவர்கள் பட்ட பாடு தெரிந்ததுதான். தொடக்கப் பள்ளியில் மாற்றுத்திறன் மாணவர் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற கணக்கை உச்ச நீதிமன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில், பணியிடங்களை அறிவியுங்கள் என்று மாநிலங்களை மறுபடியும் இடிக்க வேண்டியிருந்தது. அந்தச் சண்டையை நடத்துவோம். அதுவரை கையில் இருக்கும் அரை மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் காது. பேச்சு வரவில்லை என்றதும் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு என்று எதையாவது எழுதுவதற்கு முன் கேட்கும் திறனைச் சோதித்தாயிற்றா என்று பாருங்கள். கை தட்டினால் திரும்பிப் பார்க்கிறான் என்பது சோதனை ஆகாது. அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருக்கும் பிள்ளைக்குக் கைதட்டல் கேட்கும், "ச", "த" போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை எழுதித் தருவார்கள். அந்தத் தாளின் நகலைப் பள்ளிக் கோப்பில் வையுங்கள். பலகை, தெரபி எல்லாம் இதற்குப் பிறகு.

பலகைக்கு வருவோம். பேச முடியாத பிள்ளை படத்தைத் தொட்டுச் சொல்ல வந்ததைச் சொல்லும் பலகை இது. கம்யூனிகேஷன் போர்டு என்று சொல்லி நிறைய பள்ளிகளில் இருப்பது மூன்றே படம்தான்: சாப்பாடு, தண்ணீர், பாத்ரூம். ஒரு நாள் முழுக்க இந்த மூன்று சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் வீட்டில் பேசிப் பாருங்கள். மறுக்க முடியாது, கூப்பிட முடியாது, வலிக்கிறது என்று சொல்ல முடியாது, கேலி பண்ண முடியாது. சொல்ல வழி இல்லாததால் பிள்ளை கடிக்கும், தள்ளும், தரையில் படுத்துக்கொள்ளும். நாம் அதை "பிஹேவியர்" என்று எழுதி வைப்போம்.

ஏ3 தாள் ஒன்று போதும். 42-க்கு 30 சென்டிமீட்டர் வரும். ஓரம் விட்டு ஐந்து பத்தி, நான்கு வரிசை போட்டால் இருபது கட்டம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8-க்கு 7 சென்டிமீட்டர். விரல் சரியாக நிற்காத பிள்ளையும் தொட்டுவிடலாம். இருபதில் பொருள்களின் பெயரை வைக்காதீர்கள். என் தேர்வு இது: வேணும், வேணாம், இன்னும், போதும், நான், நீ, இது, வா, போ, குடு, பாரு, திற, நிறுத்து, வேற, உதவி, வலிக்குது, பிடிக்கும், பிடிக்கல, என்ன, எங்கே. இந்த இருபதும் சாப்பாட்டிலும் செல்லும், கணக்கு வகுப்பிலும் செல்லும், விளையாட்டு மைதானத்திலும் செல்லும். இரண்டு சொல்லைச் சேர்த்தால் வாக்கியம் பிறக்கும். "வேற குடு", "நீ வா", "இது வேணாம்". நண்பர்கள் பெயர், சாப்பாட்டு வகை, பாடத்துக்கான சொற்கள் எல்லாம் பின்பக்கத்திலோ தனிப் பட்டையிலோ இருக்கட்டும்.

சொல்லைப் பேச்சு வழக்கில் எழுதுங்கள். பாடநூல் நடையில் "வேண்டும்" என்று போட்டால் பக்கத்தில் உட்காரும் பையன் படித்துக் காட்டும்போதே சிரிப்பான். படங்களுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஸ்பெயினின் அரகோன் பிராந்திய அரசு நடத்தும் அராசாக் தளத்தில், வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு ஆயிரக்கணக்கான குறிப்படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. புடவை, இட்லி, ஆட்டோ மாதிரி நம்மூர்ச் சமாச்சாரத்துக்கு மட்டும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லேமினேஷன் செய்யும்போது பளபளப்பானதைத் தவிர்த்து மேட் கேளுங்கள். டியூப்லைட் பளபளப்பில் பட்டு எதிரொளித்தால் பிள்ளைக்குப் படமே தெரியாது, நாம் "கவனம் இல்லை" என்று எழுதிவிடுவோம். முனைகளை வளைவாக வெட்டுங்கள், இல்லையென்றால் குத்தும். ஒரே நேரத்தில் மூன்று பிரதி எடுங்கள்: வகுப்புச் சுவரில் ஒன்று, பிள்ளையின் பையில் ஒன்று, சத்துணவுக் கூடத்தில் ஒன்று.

கட்டங்களின் இடத்தை மாற்றவே மாற்றாதீர்கள். ஆர்வக் கோளாறில் மாதாமாதம் புது டிசைன் போடுபவர்கள் இருக்கிறார்கள். "போதும்" எந்த மூலையில் இருக்கிறது என்பதைக் கை பழகிக்கொள்கிறது. இடம் மாறினால் பிள்ளை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். சொல் கூட்ட நினைத்தால் தொடக்கத்திலேயே சில கட்டங்களைக் காலியாக விட்டுப் பெரிய பலகையாகச் செய்துகொள்ளுங்கள்.

பலகை செய்வது ஒரு நாள் வேலை. அதைப் பயன்படுத்துவதில்தான் எல்லாரும் சறுக்குகிறோம். ஆசிரியர் பலகையை நீட்டி "தண்ணி எங்கே? காட்டு" என்பார். பிள்ளை காட்டும். "வெரிகுட்." இது பரீட்சை, பேச்சு இல்லை. தண்ணி எங்கே இருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். செய்ய வேண்டியது வேறு: ஆசிரியர் தான் பேசும்போது தானே பலகையைத் தொட்டுப் பேச வேண்டும். கதவைத் திறக்கும்போது "திற". கரும்பலகையைக் காட்டும்போது "பாரு". கதை முடியும்போது "போதும்". பிள்ளை திருப்பிச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்காமல், வாரக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில். பேசும் குழந்தைகூட ஏறத்தாழ ஒரு வருடம் நம் பேச்சைக் கேட்ட பிறகுதான் முதல் சொல்லைச் சொல்கிறது. பலகையை மட்டும் மூன்றாம் நாளே பேசச் சொல்வது என்ன நியாயம்?

அடுத்தது காத்திருப்பது. ஒரு கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து எண்ணுங்கள், வாயைத் திறக்காமல். வகுப்பறையில் பத்து நொடி மௌனம் ரொம்பக் கஷ்டம், ஆசிரியருக்கு. மூன்றாவது நொடியில் கேள்வியை வேறு மாதிரி கேட்கத் தோன்றும். கேட்டால் பிள்ளை முதல் கேள்விக்குச் சேர்த்து வைத்த பதில் கலைந்துவிடும். அதேபோல, பிள்ளையின் கையைப் பிடித்துப் படத்தில் வைக்காதீர்கள். அப்போது பேசுவது உங்கள் கை, பிள்ளை இல்லை.

சத்துணவு நேரம் இதற்கெல்லாம் தங்கமான நேரம். கூடவே தப்பும் அதிகம் நடக்கும் நேரம். "கேட்டால்தான் முட்டை" என்று தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. பசியோடு இருக்கும் பிள்ளையின் சாப்பாட்டைப் பணயம் வைத்துப் பேச்சு வாங்கக் கூடாது. சோறும் முட்டையும் முதலில் தட்டில் விழட்டும். இரண்டாவது முறை சாம்பாரோடு வரும்போது ஆயா கரண்டியைத் தட்டுக்கு மேலே நிறுத்தி, இன்னொரு கையால் சுவரில் தொங்கும் பலகையில் "இன்னும்" தொட்டு, "போதும்" தொட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கட்டும். கண் "போதும்" பக்கம் போனால் கரண்டி விலக வேண்டும். அந்த நொடியே விலக வேண்டும். தான் சொன்னது நடக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும் இடம் அதுதான். இதை ஆயாவுக்குச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும். பயிற்றுநர் பத்து முறை வராந்தாவில் காட்டும் ஆப்பிள் படத்தைவிட இது பெரிது.

காலையில் வருகைப் பதிவு. எல்லாரும் "உள்ளேன் டீச்சர்" சொல்லும்போது இந்தப் பெயர் வந்தால் பக்கத்துப் பையன் "வந்திருக்கான் டீச்சர்" என்பான். பழைய போன் ஒன்றில் "உள்ளேன் டீச்சர்" என்று பதிவு செய்து, தொட்டால் ஒலிக்கும்படி வையுங்கள். அதே வயதுப் பிள்ளையின் குரலில் பதியுங்கள். ஏழு வயதுப் பெண் குழந்தைக்கு ஆசிரியரின் ஆண் குரல் பொருந்தாது. இதே போனில் கதையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரியைப் பதிந்து வைத்தால் கதை நேரத்திலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பாத்திரம் கிடைத்துவிடும்.

தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம், அரும்புதான் முதல் நிலை. வாயால் பதில் சொல்லாத பிள்ளை அரும்பிலேயே உட்கார்ந்துவிடுகிறது. எழுத்து தெரியாமல் இல்லை, தெரியும் என்று காட்ட வழி இல்லாததால். நான்கு அட்டையைப் பரப்பி ஒன்றைத் தொடச் சொல்லலாம், கண்ணால் காட்டச் சொல்லலாம். மதிப்பீட்டு முறையை மாற்றாமல் பிள்ளையின் நிலையை முடிவு செய்வது அநியாயம்.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்குக் கை வராவிட்டால் பலகை உதவாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முதலில் கால்களைப் பாருங்கள். பாதம் தரையில் படாமல் தொங்கினால் இடுப்பு நிற்காது, இடுப்பு நிற்காவிட்டால் கை ஆடும். காலுக்கடியில் ஒரு மரப்பலகை வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும் பிள்ளைகள் உண்டு. அப்படியும் கை வராவிட்டால் நாம்தான் கட்டங்களைக் காட்டிக் கேட்க வேண்டும்: முதல் வரிசையைக் காட்டி "இதிலயா?", இரண்டாவது வரிசை, "இதிலயா?" பிள்ளையின் "ஆமா" எது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். கண்ணை மேலே தூக்குவதா, புன்னகையா, நாக்கா. அதைப் பலகையின் பின்னால் எழுதி வையுங்கள், புதிதாக வருபவருக்கும் தெரிய வேண்டும்.

"பலகை கொடுத்தால் பேச்சே வராமல் போயிடுமே" என்பது பெற்றோரிடம் தவறாமல் வரும் பயம். நியாயமான பயம்தான், ஆனால் ஆதாரம் எதிர்ப்பக்கம் இருக்கிறது. 2006-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், நம்பகமாக ஆராயப்பட்டவர்களில் 89 சதவீதம் பேருக்குப் பேச்சு கூடியிருந்தது. மீதிப் பேருக்கு மாற்றமில்லை. ஒருவருக்கும் குறையவில்லை. கூடியது பலருக்கும் சிறிய அளவில்தான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, வீட்டில் தமிழ் பேசும் குடும்பத்திடம் "குழப்பம் வரும், இங்கிலீஷ்ல மட்டும் பேசுங்க" என்று ஆலோசனை சொல்லும் தெரபிஸ்டுகள் இன்னமும் இருக்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியோடு பேச முடியாத மொழியைக் கொடுத்து என்ன சாதிக்கப் போகிறோம்?

டேப்லெட் பற்றிக் கேட்பார்கள். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் உண்டு, நல்ல செயலி. ஆனால் அதே டேப்லெட்டில் யூடியூப் இருந்தால் அது டிவி ஆகிவிடும். அந்த ஒரு செயலியைத் தவிர வேறெதுவும் திறக்காதபடி பூட்டிக் கொடுங்கள். சார்ஜ் தீரும், வெயிலில் திரை தெரியாது. ஆகவே தாள் பலகை எப்போதும் கூட இருக்கட்டும். சத்தம் போடுகிறான் என்று தண்டனையாகப் பலகையையோ டேப்லெட்டையோ பிடுங்கி வைப்பதைப் பற்றி என்ன சொல்ல? வாயைக் கட்டுவதற்குச் சமம்.

ஒவ்வொரு மாற்றுத்திறன் பிள்ளைக்கும் தனியாக இலக்கு எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தில் "தொடர்புத் திறனை மேம்படுத்துதல்" என்று எழுதாதீர்கள். யாரும் அளக்க முடியாது, அதனால்தான் எல்லாருக்கும் பிடிக்கிறது. "சத்துணவு நேரத்தில், யாரும் கையைப் பிடிக்காமல், இன்னும் அல்லது போதும் என்பதைத் தொட வேண்டும், ஐந்து நாளில் நான்கு நாள், டிசம்பருக்குள்" என்று எழுதுங்கள். சுவர்க் காலண்டரில் ஆயா ஒரு டிக் போட்டால் பதிவு முடிந்தது. மாற்று வழித் தொடர்பை ஊக்குவிப்பது அரசின் கடமை என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. தலைமையாசிரியர் தயங்கினால் அந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. ஒரு வார்த்தை: சொல்வதை எழுத ஆள் கொடுத்தால், சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பலகையிலோ கண்ணாலோ பதில் தரும் பிள்ளைக்கு அந்த முறையோடு எழுதுபவர் பழக வேண்டும். ஆறாம் வகுப்பு மாதத் தேர்விலிருந்தே ஒத்திகை பாருங்கள். பொதுத்தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் ஆரம்பித்தால் அந்தச் சலுகை தாளில்தான் இருக்கும்.

கடைசியாக, ஏப்ரல். ஜூனில் ஆசிரியர் மாறுவார், சில சமயம் பயிற்றுநரும் மாறுவார், ஒரு வருடத்து உழைப்பு பீரோவுக்குள் போய்விடும். ஏ4 தாளில் ஒரே பக்கம், பிள்ளை பேசுவது போலவே, எழுதி வையுங்கள்: என் "ஆமா" இப்படி இருக்கும், காதைப் பொத்தினால் சத்தம் தாங்கவில்லை என்று அர்த்தம், என்னிடம் கேள்வி கேட்டால் பத்து நொடி கொடுங்கள், எனக்குப் பேருந்து படம் பிடிக்கும், என் தோழி இன்னார், அவளுக்கு என் பலகை முழுக்கத் தெரியும். ஒரு பிரதி அம்மாவிடம், ஒன்று தலைமையாசிரியரிடம், ஒன்று வட்டார வள மையத்தில். பையில் இருக்கும் பலகை விடுமுறைக்கு வீட்டுக்குப் போகட்டும், ஜூனில் கிழிந்து வந்தால் புதிதாக ஒன்று அடித்துக்கொள்ளலாம்.