மேல்கோர்ட் தீர்ப்பு நெட்டில் இருக்கிறது, கீழ்க்கோர்ட் கட்டு எங்கே?

போன மாதம் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். ஏரிக்கால்வாய்த் தகராறு. மேல்மடைக்காரர் கால்வாயில் மண்ணைக் கொட்டி மூடிவிட்டு, இங்கே கால்வாய் என்று ஒன்று இருந்ததே இல்லை என்கிறாராம். பெரியவருக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். அவருடைய தாத்தா காலத்தில் இதே கால்வாய்க்காக ஒரு கேஸ் நடந்து, சென்னை ஹைகோர்ட் வரை போய் ஜெயித்திருக்கிறார்கள். எந்த வருஷம், என்ன நம்பர், எதுவும் தெரியாது.

அவரை உட்கார வைத்துவிட்டு, கோர்ட் தீர்ப்புகளைத் தேடிப் படிக்க உதவும் இந்தியன் கானூன் தளத்தைத் திறந்தேன். ஊர்ப் பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. எழுத்துக்கூட்டலை மாற்றினேன், அப்போதும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. தருமபுரி தனி மாவட்டமானதே 1965 அக்டோபர் 2-ல்தானே! அதற்கு முன்னால் எல்லாம் சேலம். சேலம் என்று போட்டு, ஏரி, கால்வாய், பாத்தியம் என்று ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துக்கொண்டே போக, நாலாவது தடவையில் வந்துவிட்டது. 1950களின் கடைசியில் வந்த இரண்டாம் மேல்முறையீட்டுத் தீர்ப்பு. தாத்தாவின் பெயரைப் படித்துக் காட்டியதும் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

இருபது வருஷத்துக்கு முன்னால் இதே வேலைக்கு நான் சென்னைக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும். தெரிந்த சீனியர் யாரையாவது பிடித்து, அவர் லைப்ரரியில் தோல் அட்டை போட்ட தொகுதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டியிருக்க வேண்டும். 2008-ல் சுஷாந்த் சின்ஹா என்ற ஒரு மென்பொருள் பொறியாளர் தொடங்கிய இந்த இந்தியன் கானூன் தளம் அந்த அலைச்சலை ஒழித்தது. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே தன் தீர்ப்புத் தொகுதியை, கிட்டத்தட்ட 34,000 தீர்ப்புகளை, இ-எஸ்.சி.ஆர் என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. சட்டங்களுக்கு இந்தியா கோட் தளம். அரசியல் நிர்ணய சபையில் 1946 டிசம்பர் 9 முதல் 1950 ஜனவரி வரை யார் எழுந்து என்ன பேசினார்கள் என்பது வரை உட்கார்ந்த இடத்தில் படிக்கலாம். இதையெல்லாம் செய்தவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். மாவட்டக் கோர்ட்டில் நிற்கிற வக்கீலுக்கு இது எவ்வளவு பெரிய பலம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் அன்றைக்கு அந்தத் தீர்ப்பைப் படித்து முடித்தபோது மனசு சப்பென்று ஆகிவிட்டது. மூன்றே பக்கம். வா.சா.3-ன், அதாவது வாதி தரப்பு மூன்றாம் சாட்சியின், சாட்சியத்தையும், இடத்தைப் பார்த்துவரக் கோர்ட் அனுப்பிய கமிஷனரின் பிளானையும் நம்பி முன்சீப் கோர்ட் எடுத்த முடிவில் தலையிடக் காரணம் இல்லை என்கிறது. சரி, அந்த மூன்றாம் சாட்சி என்ன சொன்னார்? பிளானில் கால்வாய் எந்தப் பக்கம் ஓடுகிறது? ஒரு வரி கிடையாது. இருக்கவும் இருக்காது. இரண்டாம் மேல்முறையீட்டில் சட்டக் கேள்வியை மட்டும்தான் பார்ப்பார்கள். படி ஏற ஏற ஊரும் ஆளும் உதிர்ந்துபோய்க் கடைசியில் சட்டம் மட்டும் மிஞ்சும். நாம் நெட்டில் தேடிப் படிக்கிற சட்ட வரலாறு பெரும்பாலும் இப்படி மிஞ்சியதுதான். மடை யார் திறந்தார்கள், தண்ணீர் எத்தனை நாழிகை ஓடியது, எந்தப் புளியமரத்தடியில் பஞ்சாயத்து பேசினார்கள் என்பதெல்லாம் கீழ்க்கோர்ட் கட்டில், அதாவது சாட்சியமும் ஆவணமும் சேர்த்துக் கட்டி வைத்த வழக்குக் கோப்பில், இருக்கும். அந்தக் கட்டுகள் நெட்டுக்கு வரவில்லை.

நகல் மனு போட்டேன். எந்தக் கோர்ட் என்று எழுதப் போவதில்லை. மனு திரும்பி வந்தது. மூலக் கட்டு விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டது என்று குறிப்பு. அலுவலர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பழைய ஆவணங்களை எத்தனை ஆண்டு வைத்திருந்து பிறகு அழிக்கலாம் என்று ஹைகோர்ட்டுகள் விதி செய்துகொள்ள 1917-ல் ஒரு சட்டமே வந்திருக்கிறது. அதன் பெயரே ஆவணங்களை அழிக்கும் சட்டம்தான். இடமில்லாத அறையில், கரையான் அரிக்கும் அலமாரியில், எல்லாவற்றையும் என்றைக்கும் வைத்திருக்க முடியாது. புரிகிறது. ஆனால் 1917-ல் கேமரா உள்ள போன் யார் கையிலும் இல்லை. இன்றைக்கு ஒரு கட்டை அழிப்பதற்கு முன்னால் அதைப் படமெடுக்க ஒரு மணி நேரம் ஆகுமா?

குறிப்பைப் பெரியவரிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் போனார். மறுநாள் காலையில் அலுவலகத்தைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. “தம்பி, எங்க அம்மா வச்சிருந்த டிரங்குப் பெட்டியில இருந்துச்சு. உனக்கு உதவுமா பாரு” என்றார்.

நகல் ஸ்டாம்புப் பேப்பரில் கையால் எழுதிய சாட்சிய நகல். மடித்த இடமெல்லாம் கிழிந்து, ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. அதே வா.சா.3! சின்னப் பையனாக இருந்தபோது தகப்பனார் மடை திறக்கப் போகும்போதெல்லாம் நானும் கூடப் போவேன் என்று தொடங்குகிறார். எந்தக் குடும்பத்துக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்று வரிசையாகச் சொல்கிறார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், உமக்குப் படிக்கத் தெரியாதே, நாழிகைக் கணக்கு எப்படித் தெரியும் என்று மடக்குகிறார். நிழலைப் பார்த்து என்று பதில். அதற்குக் கீழே கைநாட்டு பதிந்த இடம் என்று நகல் எழுதியவர் குறித்திருக்கிறார். அந்தக் கடைசிப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு பிளானும் இருந்தது. கால்வாய் நீல மசியில், வரப்பு சிவப்பு மசியில். ஓரத்தில் சின்ன எழுத்தில் புளியமரம் 3, தூர்ந்த கிணறு 1.

அந்த ஞாயிற்றுக்கிழமையே இடத்தைப் போய்ப் பார்த்தோம். இரண்டு புளியமரம் இன்னும் நிற்கிறது. மூன்றாவதின் அடிக்கட்டை கிடக்கிறது.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நம் மாவட்டத்தின் சட்ட வரலாறு ஒன்றும் சின்னதல்ல. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் நம்முடைய பாராமகாலும், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமும், ஒன்று. அதை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீடு வந்தார். அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை ஏழு வருஷம் இங்கே வேலை பார்த்தார், தருமபுரியில் குடியிருந்தார். இடையில் ஜமீன்தார் இல்லாமல் குடியானவர் நேரடியாக அரசுக்கே தீர்வை கட்டும் ரயத்துவாரி முறை உருவானது இந்த மண்ணை அளந்த அனுபவத்தில்தான். இன்றைக்கு நம் கையில் இருக்கிற பட்டாவின் வேர் அங்கே இருக்கிறது. அந்தக் காலத்துக் கடிதங்களையும் அறிக்கைகளையும் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸ் அரசு அச்சகம் பாராமகால் ஆவணங்கள் என்று பல பிரிவுகளாக அச்சிட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் அவற்றில் சிலதைப் படிக்கலாம். லெ ஃபானு 1883-ல் எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டையும் அங்கே தேடிப் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இங்கே சட்டக் கல்லூரி 2017-ல் வந்ததிலிருந்து என்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது எழுத்துக்கூட்டல்தான். கிருஷ்ணகிரி என்று தேடினால் பழைய ஆவணத்தில் கிடைக்காது, வெள்ளைக்காரன் கிஸ்ட்னகெரி என்று எழுதினான். ராயக்கோட்டை ரியாகோட்டா. ஓசூர் ஊசூர். இன்னொன்று, கிருஷ்ணகிரிக்காரர் 2004 பிப்ரவரிக்கு முன்னால் தருமபுரி என்றும், 1965-க்கு முன்னால் சேலம் என்றும் தேட வேண்டும். ஒரே ஊர், நாற்பது வருஷத்துக்குள் மூன்று மாவட்டம். ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும்போது கணினி செய்கிற பிழை தனி. அழுக்குப் பிடித்த ஆங்கில எழுத்தையே தப்பாகப் படிக்கும், பழைய தமிழ்க் கையெழுத்து என்றால் சுத்தமாகக் கைவிட்டுவிடும். அதனால் தேடலில் வரவில்லை என்பதால் ஆவணமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தொகுதியைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். வேறு வழி இல்லை.

பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்துக்குப் போகாதவர் நம்மில் குறைவு. 1908-ல் திருநெல்வேலியில் வ.உ.சி.யோடு சேர்த்து அவர்மேல் நடந்த ராஜதுரோக வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு, இந்தியச் சட்டத் தீர்ப்புகள் மதராஸ் வரிசையில் 32-ம் தொகுதியில் இருக்கிறது, நெட்டிலும் கிடைக்கிறது. கீழே நீதிபதி பின்ஹே சிவாவுக்குக் கொடுத்தது பத்தாண்டு நாடு கடத்தல், ஹைகோர்ட் குறைத்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலைக்கு மாலை போடுகிற அன்றைக்கு அந்தத் தீர்ப்பையும் ஒருமுறை படித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பெரிய மனிதர்களின் வழக்கு எப்படியும் பிழைத்துக்கொள்கிறது. எனக்குக் கவலை நிழலைப் பார்த்து நாழிகை சொன்ன அந்த வா.சா.3-ஐப் பற்றித்தான்.

வாச்சாத்தியைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அரூர் பக்கத்து மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்து ஊரைச் சூறையாடி, மக்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது நம் எல்லோருக்கும் தெரியும். 269 பேர்மேல் குற்றச்சாட்டு. வழக்கு நடந்த காலத்திலேயே 54 பேர் இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று இதே தருமபுரியில் முதன்மை அமர்வு நீதிமன்றம் மிச்சமிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, ஹைகோர்ட் அதை உறுதி செய்தது.

ஹைகோர்ட் தீர்ப்பை யார் வேண்டுமானாலும் நெட்டில் படிக்கலாம். ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. தங்களுக்கு நடந்ததை அந்த மலையடிவாரத்து மக்கள் கூண்டில் ஏறித் தங்கள் வாய்ச்சொல்லில் சொன்னார்களே, அந்தச் சாட்சியம்தான் எனக்கு வேண்டும். அது நூறு வருஷம் கழித்தும் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்களின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, மிகச் சரியான சட்டம். பெயரை மறைத்து வைக்கலாம், இத்தனை ஆண்டுக்குத் திறக்கக் கூடாது என்று பூட்டியும் வைக்கலாம். பொதுவில் போடுவது ஒன்று, பத்திரமாகப் படியெடுத்து வைப்பது வேறொன்று. முதலாவதைக் காரணம் காட்டி இரண்டாவதைச் செய்யாமல் விட்டுவிடக் கூடாது.

பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோர்ட்டுகளைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 செப்டம்பரில் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்து பாதுகாக்க மட்டும் 2,038 கோடிக்கு மேல். பழைய கட்டுகளும் அதில் அடக்கம். என் கோரிக்கை ஒன்றுதான். ஸ்கேன் செய்யும் வரிசையைத் தீர்மானிக்கும்போது, அழிப்பதற்கு முறை வந்திருக்கிற கட்டுகளை முதலில் எடுங்கள். புதிய கட்டு எங்கேயும் ஓடிவிடாது. ஸ்கேன் செய்ததை மாவட்டம், தாலுகா, கிராமம் என்று பழைய பெயரும் புதிய பெயரும் சேர்த்துத் தமிழில் அட்டவணை போடுங்கள். வில்லங்கம் பார்க்கப் பதிவுத்துறை தளத்துக்குப் போகிற குடியானவர் பெரும்பாலும் 1975 வரைக்கும்தான் பின்னால் போக முடிகிறது, அதற்கு முந்தையது என்றால் ஆபீஸுக்கு அலைகிறார். கோர்ட் கட்டிலும் அதே கதை நடக்கக் கூடாது.

இன்னொரு விஷயம், தீர்ப்புகளைத் தேடிப் படிக்கக் காசு வாங்கும் கட்டணத் தளங்களைப் பற்றி. நகரத்துப் பெரிய அலுவலகங்களில் வருஷச் சந்தா கட்டுகிறார்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் எல்லா ஜூனியரும் கட்ட முடியாது. தீர்ப்பின் மூல வாசகத்தின்மேல் யாருக்கும் தனியுரிமை கிடையாது. பதிப்பாளர்கள் தங்கள் உழைப்பால் சேர்க்கிற தலைக்குறிப்பு (தீர்ப்பின் சுருக்கம்) போன்றவற்றுக்குத்தான் உரிமை உண்டு என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2007 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. தீர்ப்பு மக்களுடையது. அதைத் தேடிப் படிக்கக் காசு கேட்கிற நிலை எந்த ஜூனியருக்கும் வரக் கூடாது. பார் அசோசியேஷன்கள் சேர்ந்து ஒரு பொதுச் சந்தாவாவது கட்டலாம். எங்கள் கூட்டத்தில் இதைப் பேசப் போகிறேன்.

அப்புறம், வீட்டில் பழைய கோர்ட் காகிதம் வைத்திருக்கிற எல்லோருக்கும். தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். லேமினேஷனும் செய்யாதீர்கள், அந்தச் சூட்டில் பழைய காகிதம் கெட்டுவிடும், திரும்பப் பிரித்தெடுக்கவும் முடியாது. பகல் வெளிச்சத்தில், தரையில் வெள்ளைத் துணி விரித்து, நேர் மேலிருந்து போனில் படமெடுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். பின்பக்கத்தில்தான் நகல் கேட்ட தேதியும் கொடுத்த தேதியும் இருக்கும்.

பெரியவரின் கட்டை அப்படித்தான் நானும் என் குமாஸ்தாவும் உட்கார்ந்து படமெடுத்தோம். 46 பக்கம். முடித்து, பழையபடி மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தபோது அவர் கேட்டார்: “கேஸ் முடிஞ்சதும் இதையும் அந்த நெட்டுல ஏத்திடுவியா தம்பி? பேரன் ஓசூர்ல கம்பெனி வேலையில இருக்கான். அவன் புள்ளைங்க தேடுனா கிடைக்கணும்.”

இன்டர்நெட் ஆர்க்கைவில் யாரும் எதையும் ஏற்றலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கோடிக்கணக்கான கோப்புகளுக்கு நடுவே, அந்த ஊர்ப் பெயரைத் தமிழில் அடிக்கிற பிள்ளைக்கு இந்த 46 பக்கம் வந்து நிற்கும்படி வைக்க, இன்ன இடம் என்று என்னால் ஒரு தளத்தைச் சொல்ல முடியவில்லை. பார்க்கிறேன் பெரியப்பா என்று மட்டும் சொன்னேன். இப்போதைக்கு ஒரு பிரதி என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, இன்னொன்று அவர் பேரன் போனில்.