இ.டி.எஸ்.எஸ். மதிப்பெண் மருத்துவமனையின் தரத்தைக் காட்டாது

மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோய்க்கான இங்கிலாந்தின் சிகிச்சை மையங்களில், நோயாளிகளின் சராசரி இ.டி.எஸ்.எஸ். மதிப்பெண் எங்கே குறைவோ அங்கேதான் சேவை சிறந்தது என்று ஒருவர் எழுதியிருப்பது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். 0 முதல் 10 வரை செல்லும் அந்த அளவுகோல் ஒருவரின் இயலாமையை அளப்பது; எண் கூடினால் இயலாமையும் கூடுதல். அவர் பெற்ற கவனிப்பை அளப்பதன்று. அதிலும் 4-க்கு மேல் பெரும்பாலும் நடையே மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது: நூறு மீட்டர் நடக்க ஒரு கைத்தடி தேவைப்பட்டால் 6. வேலையை விட வைக்கும் அளவுக்குக் களைப்போ மறதியோ உள்ளவர், நன்றாக நடக்கிறார் என்பதாலேயே குறைந்த மதிப்பெண் பெற்றுவிடலாம். சக்கர நாற்காலியில் வருவோரை மனமுவந்து ஏற்கும் மையமோ, இந்தக் கணக்கில் மட்டமானதாகிவிடும். (அப்படியானால் அவர்களைத் திருப்பி அனுப்புவதே தரத்தை உயர்த்தும் எளிய வழி!)

சேவையை அளக்கக் கேட்க வேண்டியவை வேறு. இங்கிலாந்தில் மருத்துவச் சேவைகளுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட தர நியமம், நோய் கண்டறியப்பட்ட 6 வாரங்களுக்குள் இந்நோயில் தேர்ச்சி பெற்ற ஒருவருடன் நேரடிச் சந்திப்பு, சிகிச்சையால் பயன்பெறக்கூடிய ரிலாப்ஸ் (அறிகுறிகள் புதிதாகத் தோன்றுவது அல்லது தீவிரமாவது) வந்தால் அறிகுறி தொடங்கிய 14 நாட்களுக்குள் சிகிச்சை, ஆண்டுக்கு ஒருமுறையேனும் முழுமையான மறுஆய்வு ஆகியவை வழங்கப்படுகின்றனவா என்று பார்க்கச் சொல்கிறது. இவற்றைக் கோப்புகளிலிருந்தே கணக்கிடலாம். நோயாளியின் சொந்த அனுபவத்துக்கு, உடல்சார்ந்த 20 கேள்விகளும் மனம்சார்ந்த 9 கேள்விகளும் கொண்ட எம்.எஸ்.ஐ.எஸ்.-29 வினாத்தாள் இருக்கிறது. ஆனால் அதையும், நோயின் வகை, வயது, நோயுற்ற காலம் ஆகியவற்றைச் சரிக்கட்டாமல் மையத்துக்கு மையம் ஒப்பிடுவது முறையாகாது.