உம்மும்மாவின் கடையும் நோன்புக் கஞ்சியும்

போன நோன்பில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து எழும்பப் போகிற நேரம் பள்ளிவாசல் பொருளாளர் ஹாஜியார் மைக்கைப் பிடித்தார். ஒரு நாள் கஞ்சிக்கு 35,000 ரூபா முடிகிறது, இன்னும் ஒன்பது நாளைக்கு ஆள் இல்லை, நிய்யத் உள்ளவர்கள் பெயரைத் தாருங்கள் என்றார். நாலைந்து பேர் கையைத் தூக்கினார்கள். நானும் ஒரு நாளைப் பொறுப்பெடுத்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது: இந்தக் கஞ்சிக்கென்றே எங்கள் உம்மும்மா (பாட்டி) ஒரு கடையை வக்பாக, அதாவது நிரந்தர அறக்கொடையாக, எழுதிக் கொடுத்தாரே, அந்தக் காசு எங்கே?

கடையின் உறுதிப் பத்திரம் தாத்தா வீட்டு அலுமாரியில் இருந்தது. 1978ஆம் வருஷம். கொழும்பு புதுக்கடைப் பக்கம் ஒன்றரைப் பேர்ச் காணியும் அதன் மேல் நிற்கும் கடையறையும். வாடகையிலிருந்து நோன்பு முப்பது நாளும் கஞ்சி காய்ச்ச வேண்டும், மிஞ்சினால் ஏழைக் குமர் காரியங்களுக்கு (பெண் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு) கொடுக்க வேண்டும். கீழே முத்திரைக்கு மேலால் உம்மும்மாவின் கையெழுத்து, அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில். அவருக்குத் தெரிந்த ஒரே எழுத்து அதுதான். தன் பெயரின் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்து, பிறகு வேறு மையில் வைத்திருக்கிறார். அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

அடுத்த வாரம் பள்ளிவாசல் அலுவலகத்தில் கேட்டேன். பைலைத் தேடி எடுக்கவே அரை மணித்தியாலம் ஆனது. கடையின் வாடகை மாதம் 1,500 ரூபா. பக்கத்தில் அதே அளவுக் கடை 90,000க்குப் போகிறது. கணக்கு கஷ்டமில்லை. 1,500 படி வருஷத்துக்கு 18,000. அரை நாள் கஞ்சி. 90,000 படி வருஷத்துக்கு 10 லட்சத்து 80 ஆயிரம். முப்பது நாள் கஞ்சிக்கு 10 லட்சத்து 50 ஆயிரம் போக, 30,000 மிஞ்சும். அந்த முப்பதாயிரம் உறுதியில் சொன்ன குமர் காரியத்துக்கு.

அதாவது உம்மும்மா எழுதியது இன்றைக்கும் சரியாக வேலை செய்யும். நாங்கள்தான் வேலை செய்யவில்லை.

வக்பு என்றால் நம்மில் பலருக்குப் பள்ளிக்குக் காணி கொடுப்பது, மையவாடிக்கு (அடக்கஸ்தலத்துக்கு) மதில் கட்டுவது, அவ்வளவுதான். கைபரில் நிலம் கிடைத்தபோது நபித்தோழர் உமர் (ரலி) அதை என்ன செய்வதென்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட ஹதீஸ் (நபிமொழி) எல்லோருக்கும் தெரியும். அசலை நிறுத்திவை, விளைச்சலைக் கொடு. விற்க முடியாது, அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது, வாரிசுக்குப் போகாது. முழுத் திட்டமும் அதற்குள் இருக்கிறது. ஆனால் நாங்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். அசலை நன்றாகவே நிறுத்திவைத்திருக்கிறோம், ஐம்பது வருஷமாக ஆடாமல் அசையாமல். விளைச்சலைத்தான் காணோம்.

அதே ஹதீஸில் இன்னொரு வரி உண்டு. பொறுப்பாக இருப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து சாப்பிடலாம், சேர்த்துவைக்கக் கூடாது. ஒழுங்காக வாடகை அறவிட, பழுது பார்க்க, கணக்கு எழுத ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அனுமதி வேண்டுமா? நாங்கள் 'ஸவாபுக்காகச் செய்கிறோம்' என்று சம்பளமில்லாமல் செய்கிறோம். சம்பளமில்லாத வேலை போலவே நடக்கிறது. (உமர் தன் வக்புக்குப் பொறுப்பாக வைத்தது மகள் ஹஃப்ஸாவை. நமது நிர்வாக சபைகளில் எத்தனை பெண்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் இந்தப் பதிவு வேறு பக்கம் போய்விடும்.)

மொரோக்கோப் பயணி இபுனு பதூதா 1326இல் திமிஷ்கில் (டமாஸ்கஸில்) கண்டதை எழுதியிருக்கிறார். ஒரு சிறுவன், யாருடைய வீட்டிலோ அடிமை வேலை பார்ப்பவன், தெருவில் சீனக் களிமண் தட்டு ஒன்றை விழுத்தி உடைத்துவிட்டான். வீட்டுக்குப் போனால் அடிவிழும். கூடியவர்களில் ஒருவர் சொன்னாராம், துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திர வக்பின் பொறுப்பாளரிடம் போ என்று. அவர் துண்டுகளைப் பார்த்துவிட்டு இன்னொரு தட்டு வாங்கக் காசு கொடுத்தார். உடைந்த பாத்திரத்துக்கென்றே ஒரு வக்பு! எவரோ ஒரு பணக்காரர், வேலைக்காரப் பிள்ளை அடி வாங்குவதைப் பார்த்துப் பொறுக்காமல் ஒரு சொத்தை எழுதிவைத்திருக்கிறார். அதே மனிதர் 1344இல் இலங்கைக்கு வந்தார், கலன்பு என்று நம் ஊரையும் எழுதினார். இன்றைக்கு வந்தால் எதை எழுதுவார் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஏசி பூட்டிய ஹவுள் (தொழுகைக்கு முன் கை கால் கழுவும் தொட்டி)?

கேலிக்குச் சொன்னாலும், கொழும்பில் நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஸாஹிறாக் கல்லூரி 1892இல் தொடங்கியது மருதானைப் பள்ளிவாசல் காணியில்தான். அந்த முடிவை எடுத்தவர்கள் காணியை மையவாடிக்கு ஒதுக்கியிருக்கலாம், கடைத்தொகுதி கட்டி மறந்திருக்கலாம். பள்ளிக்கூடம் வைத்தார்கள். பின்னால் டீ.பி. ஜாயா அதிபராக வந்தார், ஒரு தலைமுறையே படித்து வெளியே வந்தது. பேருவளையில் நளீம் ஹாஜியார் மாணிக்க வியாபாரத்தில் சம்பாதித்ததை 1973இல் ஜாமிஆ நளீமிய்யா என்ற கல்விக்கூடமாக்கினார். எருசலேமில் சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரம் 1552இல் வக்பாக வைத்த கஞ்சி மடம் இன்றைக்கும் கஞ்சி காய்ச்சுகிறது. கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷக் கஞ்சி. நம்முடையது ஐம்பதில் மைக்குக்கு வந்துவிட்டது.

ஏன் வந்தது? கள்ளர் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் எனக்கும் சுலபம், உங்களுக்கும் சுலபம். எங்கள் பள்ளியில் நான் பார்த்த அளவில் யாரும் களவெடுக்கவில்லை. நடந்தது வேறு.

1979இல் பள்ளிக்கு ஹவுள் கட்டக் காசில்லை. கடையை எடுத்தவரிடம் 25,000 ரூபா கீ மணி (சாவிக்கென்று முதலில் வாங்கும் தொகை) வாங்கினார்கள், அதில் ஹவுள் எழும்பியது, பதிலுக்கு வாடகையைச் சும்மா பெயருக்கு வைத்தார்கள். அவர் மௌத்தாகி மகன் வந்தார். வாடகை இடையில் ஒரு தரம் ஏறியது, பிறகு அப்படியே நின்றது. இது எங்கள் பள்ளி கண்டுபிடித்த தந்திரமில்லை. உதுமானியர் காலத்தில் இதற்குப் பெயரே இருந்தது, இஜாரதைன், அதாவது இரட்டை வாடகை. தீப்பிடித்து எரிந்த வக்புக் கட்டடத்தைத் திருப்பிக் கட்டக் காசில்லாதபோது, குத்தகைக்காரரிடம் முதலில் பெரிய தொகை வாங்குவார்கள், அதற்குப் பிறகு சிறிய வருஷ வாடகை. அவசரத்துக்கு நல்ல மருந்துதான். ஆனால் குத்தகை உரிமை பிள்ளைக்குப் போனது, பேரனுக்குப் போனது, கடைசியில் வக்பிடம் மிஞ்சியது உறுதியும் சில்லறையும். புறக்கோட்டையில் கீ மணிக் கடை வைத்திருக்கும் யாரிடமும் இதை விளக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் 1972ஆம் வருஷ வாடகைச் சட்டம், பழைய வாடகைக்காரரை எழுப்புவது சின்ன விஷயமில்லை என்ற பயம். அந்தப் பயம் சட்டம் பொருந்தாத கடைக்கும் ஒட்டிக்கொண்டது.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஐந்து வேளையும் ஒரே ஸப்பில் தோளோடு தோள் நிற்கிற மனிதரிடம் எப்படி வாடகை கூட்டச் சொல்வது? கூட்டினால் அவர் வேறு பள்ளிக்குப் போய்விடுவார், அவருடைய மச்சான் அடுத்த நிர்வாகத் தெரிவில் எதிராக நிற்பார். முகம் முறிக்கப் பயந்து பள்ளியின் காசைத் தானம் பண்ணுகிறோம். நம் காசாக இருந்தால் பண்ணுவோமா?

நம்மூர் மட்டுமா என்றால் இல்லை. இந்தியாவில் முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006இல் கணக்குப் போட்டது: பதிவான வக்புச் சொத்து 4.9 லட்சம், சந்தைப் பெறுமதி சுமார் 1.2 லட்சம் கோடி ரூபாய், வருஷ வருமானம் 163 கோடி. பத்து வீதம் ஈட்டியிருந்தால் 12,000 கோடி வந்திருக்கும். அதை வாசித்தபோது தூரத்துக் கதையாகத்தான் பட்டது. இப்போது எங்கள் கடையின் பைல் அதே கதையின் ஒரு பக்கம்போல் இருக்கிறது.

மறுபக்கம் சிங்கப்பூர். பென்கூலன் தெருவில் பழைய பள்ளிவாசல் ஒன்று நல்ல பெறுமதியான காணியில் இருந்தது, வருமானம் அற்பம். 2000களின் தொடக்கத்தில் அங்கே உள்ள இஸ்லாமிய சபை முஷாரகா (கூட்டு முதலீட்டு) பத்திரங்கள் வெளியிட்டுப் பணம் திரட்டியது. இரண்டு திட்டங்களுக்குச் சேர்த்து 60 மில்லியன் சிங்கப்பூர் டொலர். பென்கூலனில் புதிய பள்ளி, வணிகப் பகுதி, வாடகைக் குடியிருப்புகள் எல்லாம் ஒரே கட்டடத்தில் வந்தன. காணி வக்பாகவே இருக்கிறது. முதலீடு செய்தவர் இலாபம் எடுத்தார், பள்ளிக்கு வாடகை வருகிறது. வட்டி இல்லை, விற்பனை இல்லை.

கொழும்பில் இது நடக்குமா? மார்க்கப் பக்கம் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்கக் கூடாது. நாம் பெரும்பாலும் ஷாபிஈக்கள், அதாவது ஷாபிஈ என்ற மார்க்கச் சட்ட மரபை (மத்ஹபை) பின்பற்றுகிறவர்கள். வக்புச் சொத்தை மாற்றிக்கொள்வதில் ஷாபிஈ மத்ஹப் மிகவும் இறுக்கம். இன்னொரு மத்ஹபான ஹனபிகள் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். காசை வக்பு செய்வதும் அப்படித்தான், செலவழித்தால் அழிந்துபோகும் பொருளை எப்படி நிறுத்திவைப்பது என்பது ஷாபிஈ கேள்வி. உதுமானியரிலேயே பதினாறாம் நூற்றாண்டில் இது பெரிய சண்டை. தலைமை முப்தியான ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் கூடும் என்றார், பிர்கிவி என்ற அறிஞர் கூடாது என்று எழுதித் தள்ளினார். இந்தோனேசியா ஷாபிஈ நாடுதான். அங்கே 2004ஆம் வருஷச் சட்டம் காசு வக்பை ஏற்றுக்கொண்டது. நம் உலமாக்களும் உட்கார்ந்து பேசலாம். பிறை பார்ப்பதற்கு எவ்வளவு பேசுகிறோம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கடைக்கு முதலீட்டுப் பத்திரமும் வேண்டாம், பத்வாவும் (மார்க்கத் தீர்ப்பும்) வேண்டாம். வாடகையைச் சந்தை விலைக்குக் கொண்டுவர எந்த மத்ஹபிலும் தடையில்லை. கண்டமேனிக்குக் குறைந்த வாடகைக்கு வக்பைக் கொடுப்பதைத்தான் பழைய கிதாபுகள் கண்டிக்கின்றன. இஸ்லாமிய நிதி பற்றி ஹோட்டல்களில் நடக்கும் கருத்தரங்குகளுக்கு நானும் போயிருக்கிறேன். சுக்கூக் (இஸ்லாமிய முதலீட்டுப் பத்திரம்), காசு வக்பு, சமூக முதலீடு என்று அழகான படங்கள் காட்டுவார்கள். 1,500 ரூபா வாடகை ரசீது எந்தப் படத்திலும் வந்ததில்லை.

1956ஆம் வருஷத்து 51ஆம் இலக்க வக்புச் சட்டம் நம்பிக்கைப் பொறுப்பாளர் கணக்கு வைக்க வேண்டும் என்கிறது, வக்பு சபை இருக்கிறது, வழக்கை விசாரிக்க வக்பு நியாய சபை இருக்கிறது. ஒரு கடைக்காக நியாய சபைக்குப் போக எனக்கு விருப்பமில்லை. நான் கேட்பது சின்ன விஷயம். தொழுகை நேரப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு தாள். எந்தக் கடை, யாரிடம், என்ன வாடகை, எழுதிக் கொடுத்தவர் என்ன நிபந்தனை வைத்தார். அந்தத் தாள் ஒரு மாதம் தொங்கினால் போதும், பாதி வேலை தானாக நடக்கும்.

கடைக்கார நானாவையும் போய்ப் பார்த்தேன். நீதிமன்றத்துக்கு வருகிறவர்களுக்குப் போட்டோகொப்பி அடித்துக் கொடுக்கிறார். நல்ல மனிதர். வருஷா வருஷம் பள்ளிக் கஞ்சிக்கு ஐந்து மூடை அரிசி கொடுக்கிறார், அவர் பெயர் பள்ளிப் பலகையில் இருக்கிறது. உம்மும்மா பெயர் இல்லை. டீ வரவழைத்துத் தந்துவிட்டு, விஷயத்தைக் கேட்டு, கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டா குடுப்பேன்தானே மகன். ஒரேயடியா தொண்ணூறு ஏலாது. ஆனா இத்தனை வருஷமா ஆரும் கேக்கல்லயே."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. மூன்று வருஷத்தில் படிப்படியாக ஏற்றலாம், முதல் வருஷம் 30,000 என்று அவரே சொன்னார். அதை எழுதி, உறுதியின் பிரதியையும் வைத்துப் பொருளாளர் ஹாஜியாரிடம் கொடுத்தேன். பிரதி அடித்ததும் நானாதான், காசு எடுக்கவில்லை.

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"உங்கட உம்மும்மாட பேரில கடைக்கு மேல ஒரு போர்ட் அடிச்சித் தரட்டா?"

போர்ட் வேண்டாம், ஹாஜியார், அடுத்த கூட்டத்தில் இதை எடுங்கள் என்றேன். கூட்டம் வருகிற ஞாயிறு, இஷாத் தொழுகைக்குப் பிறகு.